சவுரியும் டோப்பாவும்: முதன்முறை கட்டுபவருக்கு

சவுரி என்பது சொந்த முடியோடு சேர்த்துப் பின்னும் தனி முடிக்கற்றை. டோப்பா தலை முழுவதையும் மூடுவது. இரண்டுக்கும் நடுவே கொண்டைமுடி, கிளிப் முடி, உச்சி வழுக்கையை மட்டும் மறைக்கும் சிறு துண்டு எனப் பல வகைகள் உண்டு. மலையகத் தோட்டங்களில் சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சவுரி இல்லாத சடை அபூர்வம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நடனமாடப் போகும் பிள்ளைகளுக்கும் அது தேவை. மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டும் ஆணுக்கு டோப்பா வேண்டும். மருந்தாலோ நோயாலோ முடி கொட்டியவருக்கும் வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் முடியின் நீளத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்கிவிட்டு, அது எதில் நிற்கப் போகிறது என்பதைக் கட்டும் நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். அவிழ்ந்து விழும் சவுரிகளில் பாதிக்கு மேல் முடியின் குற்றமில்லை, அடிக்கட்டின் குற்றம். மலைநாட்டில் இதோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் அழகைவிட அடிக்கட்டுக்கும் ஈரத்துக்கும் கூடுதல் இடம் கொடுக்கிறது.

எதை வாங்குவது

கடையில் கிடைப்பவை மனித முடி, செயற்கை இழை என இரண்டு இனம். கடைக்காரர்கள் பொதுவாகச் செயற்கை இழை எல்லாவற்றையும் ‘நைலான்’ என்றே சொல்வார்கள். நல்ல டோப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் மோடாக்ரிலிக் என்னும் வேறு இழை. மனித முடியில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வருகிறது. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது தரம் பிரிக்கப்பட்டு உலகமெங்கும் போகிறது. இதற்குக் கீழே இன்னொரு தரம் உண்டு: சீப்பில் கழிந்த முடியைச் சேர்த்துக் கட்டியது. இதில் சில இழைகளுக்கு வேர் மேலே இருக்கும், சிலவற்றுக்கு நுனி மேலே இருக்கும். அதனால் இரண்டு நாளில் சிக்குப் பிடித்துவிடும்.

பிரித்தறிவது கடினமில்லை. ஓர் இழையை இரு விரலுக்கிடையில் மேலும் கீழும் உருவ வேண்டும். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கி, நுனியிலிருந்து வேருக்கு லேசாகச் சொரசொரத்தால் அது மனித முடி. ஓர் இழையை மட்டும் உருவித் தீக்குச்சியில் காட்டினால் இன்னும் தெளிவு. மனித முடி பொசுங்கிய நாற்றத்தோடு கருகிப் பொடியாகும். செயற்கை இழை உருகி, நுனியில் கடினமான சிறு மணியாகத் திரளும்.

சமவெளியில் மனித முடிதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மலையில் அப்படிச் சொல்ல முடியாது. மனித முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உள்ளிழுக்கும். செயற்கை இழை அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியே இருக்கிறது. ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். இந்த ஈரத்தில் மனித முடிச் சவுரி கனத்துத் தொங்கும், எளிதில் உலராது. செயற்கை இழைக்கு எதிரி நெருப்பு. லயத்து அடுப்படியில் குனிந்து விறகு ஊதும்போது அனல் பட்டாலே முன்நுனிகள் சுருண்டு பொரிந்துவிடும். நாளெல்லாம் வெளியில் அணிபவருக்குச் செயற்கை இழையும், ஒரு நாள் விசேஷத்துக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் மனித முடியும் பொருந்தும்.

நிறம் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சவுரி சேர்வது சொந்த முடியின் வேரோடு அல்ல, நுனிப் பகுதியோடு. வெயிலிலும் மழையிலும் மலையில் கொழுந்து பறிப்பவரின் முடி உச்சியில் கறுப்பாக இருந்தாலும் நுனியில் செம்பட்டை தட்டியிருக்கும். கடையின் மின்விளக்கில் உச்சியோடு ஒப்பிட்டு வாங்கிய கரிய சவுரி, வெளியே வந்ததும் தனியாகத் தெரிவது இதனால்தான். சடையின் நுனியைப் பகல் வெளிச்சத்தில் சவுரிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பருமன் சொந்தச் சடைக்குச் சமமாக இருந்தால் போதும். எடை 100 கிராமுக்குள் நிற்பது முதல் சவுரிக்கு நல்லது. முழங்கால் வரை தொங்குவதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கட்டு

கட்டுவதற்கு முதல் நாளே தலை முழுகி, நன்றாக உலர்த்திவிட வேண்டும். கட்டும் நாள் காலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. விசேஷ நாளில் எண்ணெய் வைக்காமல் தலை வாருவதைப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். ஆனால் எண்ணெய் பூசிய முடியில் ஊசியும் கட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவு எண்ணெய் வைத்துக் காலையில் முழுகுவதும் உதவாது, மலைக் குளிரில் தலை மத்தியானம் வரை காயாது.

அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தபின், முடி முழுவதையும் பிடரிக் குழிக்கு இரண்டு விரல் மேலே சேர்த்துப் பிடித்து, துணி சுற்றிய ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும். வெறும் ரப்பர் வேண்டாம், கழற்றும்போது முடியைப் பிடுங்கும். கட்டு இறுக்கமாக இருக்கலாம், ஆனால் புருவம் மேலே இழுபடக் கூடாது. நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னும் உள்ள முடி மெல்லியது. அங்கே இழுப்பு விழாதபடி, கட்டிய பிறகு உச்சிப் பக்கம் இரு விரலால் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

சவுரி வைத்துப் பின்னுதல்

சொந்த முடி கட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளமாவது இருந்தால் பின்னலோடு சேர்க்கும் முறையே சிறந்தது. சவுரியின் தலைப்பில் நூலால் இறுக்கிக் கட்டிய குமிழும், அதிலிருந்து ஒரு சிறு வளையமும் இருக்கும். அதன் கீழே முடி மூன்று கால்களாகப் பிரியும். ஒற்றைக் கற்றையாக இருந்தால் முதலிலேயே மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

சொந்த முடியை மூன்றாகப் பிரித்து, சவுரி இல்லாமலே இரண்டு மூன்று திருப்பு இறுக்கிப் பின்ன வேண்டும். தொடக்கத்திலேயே சவுரியைச் சேர்த்துவிட்டால் குமிழ் பிடரியில் புடைத்து நிற்பதோடு, முழுக் கனமும் கட்டின் மேலேயே விழும். மூன்று திருப்புக்குப் பிறகு நடுக்காலைச் சவுரியின் வளையத்துக்குள் நுழைத்து, குமிழ் சடையின் உட்புறம், அதாவது முதுகைப் பார்த்தபடி இருக்குமாறு வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் எவ்வளவு பூ வைத்தாலும் முடிச்சு தெரியும். இரண்டு கொண்டை ஊசிகளைக் குமிழின் நூல்கட்டு வழியாக ஒன்றுக்கொன்று குறுக்காகச் செருகினால் குமிழ் அசையாது. இதற்குப் பிறகு சொந்த முடியின் ஒவ்வொரு காலோடும் சவுரியின் ஒரு காலைச் சேர்த்து வழக்கம்போலப் பின்னிக்கொண்டு போகலாம்.

சொந்த முடி முடியும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அங்கே சடை சட்டென்று மெலியும், நுனிகள் முள்ளாக வெளியே நீட்டும். விரலை நீரில் நனைத்து நுனிகளைச் சவுரிக் காலுக்குள் உருவிவிட்டு, அந்த இரண்டு மூன்று திருப்பை மட்டும் சற்று இறுக்கினால் மறைந்துவிடும். கீழ்முனையில் நூல் சுற்றி, குஞ்சம் கட்டி முடிக்கலாம்.

முடித்தவுடன் சோதனை. இணைப்புக்குக் கீழே சடையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தலையில் ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால் கனம் சில முடிகளின் மேல் மட்டும் விழுகிறது என்று அர்த்தம், அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். வலிக்காமல் சவுரி மட்டும் இறங்கி வந்தால் வளையம் சரியாக மாட்டவில்லை. இழுப்பு பிடரி முழுவதும் பரவலாகத் தெரிந்தால் கட்டு சரி.

பூச்சரத்தைச் சவுரியில் குத்தாமல், கட்டுக்கு மேலே சொந்த முடியில் குத்துவது நல்லது. ஈரப்பூ சவுரியைக் கீழே இழுக்கும். சடைநாகம் போன்ற கனமான அணிகளுக்குத் தனி நூல் ஒன்றை அடிக்கட்டிலிருந்தே விட்டு, அதில் கோத்துக்கொள்ள வேண்டும். நடனமாடும் பிள்ளைக்குச் சடையின் கீழ்ப்பகுதியை ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுவது வழக்கம். அது சுழலும்போது சடை முகத்தில் அடிக்காமல் காக்கும். ஆனால் குனிந்து நிமிர இடம் விட்டுச் செருக வேண்டும், இல்லாவிட்டால் முதல் அரைமண்டியிலேயே பிடரி இழுபடும்.

முடி ஒரு சாணுக்குக் குறைவாக இருப்பவர்களுக்குப் பின்னல் முறை நிற்காது. கட்டிய குட்டை முடியைச் சுருட்டி நெல்லிக்காய் அளவு கொண்டையாக்கி, சவுரியின் வளையத்தை அதன் மேல் மாட்டி, நாலு பக்கமும் ஊசி செருகி, மேலே மெல்லிய வலை போட்டுவிடலாம். நாலு விரல் நீளத்துக்கும் குறைந்த முடியில் சவுரியே வேண்டாம்.

டோப்பா போடுதல்

டோப்பாவுக்கு முதலில் அளவு. அளவு நாடாவை நெற்றி முடிக்கோட்டில் தொடங்கி, இரு காதுக்கும் மேலாக, பிடரி வரை சுற்றி எடுக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது பெரும்பாலும் 54 முதல் 58 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். டோப்பாவின் உட்புறம் பிடரிப் பக்கத்தில் சின்ன வார்கள் இருப்பதால் ஒரு சென்ரிமீற்றர் கூடக் குறைய இருந்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

சொந்த முடியைத் தலையோடு படிய வாரி, நீளமாக இருந்தால் இரண்டு சிறு பின்னலாக்கித் தலையைச் சுற்றி ஊசி குத்தி, மேலே வலைத்தொப்பி போட வேண்டும். டோப்பாவை முன்விளிம்பில் இரு கையாலும் பிடித்து, நெற்றியில் வைத்து, பின்னோக்கி இழுத்து மாட்ட வேண்டும். பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தால் வலை கழன்றுவிடும். முன்விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கண்ணாடி தேவையில்லை: புருவத்தை நன்றாக உயர்த்தினால் நெற்றியில் கோடுகள் விழும், மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே விளிம்பு இருக்க வேண்டும். புதியவர்கள் அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் டோப்பாவைப் புருவத்துக்கு அருகே இறக்கிக்கொள்வார்கள். பார்த்தவுடன் டோப்பா என்று காட்டிக்கொடுப்பது இந்த ஒன்றுதான். காதோரத்தில் உள்ள இரண்டு சிறு மடல்களும் ஒரே உயரத்தில் இருந்தால் டோப்பா நேராக இருக்கிறது.

பசையும் இருபக்க ஒட்டுநாடாவும் தொடக்கத்தில் வேண்டாம். எப்போதாவது பாவிக்க நேர்ந்தால், இரண்டு நாள் முன்பே முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புண், பொடுகுப் பொருக்கு, படர்தாமரை இருக்கும் தலையில் பசை எந்நாளும் கூடாது.

ரதி வேடத்துக்கு

தோட்டத்து டோப்பாக்களில் கடுமையாக உழைப்பது ரதியின் டோப்பாதான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் நாளில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியில் காமன் தகனம் வரை ஆட்டம் தொடரும். தப்பு அடி ஏற ஏற ஆட்டமும் ஏறும். குளிர் காலத்து இரவானாலும் வேடக்காரருக்கு நெற்றியில் வேர்வை ஒழுகும். குட்டையாக வெட்டிய ஆண் முடியில் ஊசி நிற்காது.

இதற்கு உறுதியான வழி நெற்றிப்பட்டி. இரண்டு அங்குல அகலமுள்ள பழைய பருத்தித் துணிப்பட்டியை முடிக்கோட்டுக்குச் சற்று உள்ளே தலையைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, பிடரியில் தட்டையாக முடிச்சிட வேண்டும். துணி வேர்வையை உறிஞ்சும், ஊசி குத்துவதற்கும் இடம் கொடுக்கும். டோப்பாவை மாட்டியபின் இரு நெற்றியோரத்திலும், இரு காதுக்குப் பின்னும், பிடரியிலும் ஊசிகளைப் பட்டித்துணியோடு சேர்த்துச் செருக வேண்டும். ஊசி முனை தலையைப் பார்க்காமல் பக்கவாட்டில் போக வேண்டும். கிரீடம் வைத்தால் அதன் நாடாவைத் தாடைக்குக் கீழ் தனியாகக் கட்ட வேண்டும். டோப்பாவோடு சேர்த்துக் கட்டினால் ஒன்று சரிய மற்றதும் சரியும். ஆட இறங்குமுன் தலையைக் குனிந்து நாலு தரம் உலுக்கிப் பார்ப்பது போதுமான சோதனை.

பந்தம் பிடிப்பவர்களிடமிருந்து ரதி குறைந்தது இரண்டு எட்டாவது விலகி ஆட வேண்டும். செயற்கை முடி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். தகன இரவில் நெருப்பை நெருங்கும் காட்சிக்கு மனித முடி டோப்பாவே பாதுகாப்பு. அதுவும் கிடைக்காவிட்டால் சேலை முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஒரே டோப்பா வருஷா வருஷம் பல தலை மாறுவதால் பேனும் படர்தாமரையும் கூடவே மாறும். உள்தொப்பியும் நெற்றிப்பட்டியும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சிகிச்சையில் இருப்பவருக்கு

புற்றுநோய்க்கான மருந்து ஏற்றுபவர்களுக்கு, மருந்தின் வகையைப் பொறுத்து, முதல் தடவைக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கலாம். மலையகத்திலிருந்து கண்டிக்கோ மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போய்வருபவர்கள், முடி இருக்கும்போதே அளவும் நிறமும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முழுக்கக் கொட்டியபின் தலைச்சுற்றளவு சற்றுக் குறையும், அப்போது வார்களை இறுக்கிக்கொள்ளலாம். வெறும் தலைத்தோல் மென்மையாகவும் எரிச்சலாகவும் இருக்கும். தையல் வெளியே திருப்பிய மெல்லிய பருத்தித் தொப்பியை உள்ளே போட்டு, அதன் மேலேதான் டோப்பா. ஊசியும் கிளிப்பும் இங்கே கூடாது. முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாக எனப் பழகிக்கொள்ளலாம். உடம்புக்கு முடியாத நாளில் கம்பளித் தொப்பியும் முக்காடும் போதும். நுவரெலியாக் குளிரில் அதை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. மருந்து முடிந்தபின் பெரும்பாலானோருக்கு முடி திரும்ப முளைக்கும், மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும்.

மலைக்குப் போகும் நாளில்

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சித் தலையில் அழுந்தி நிற்கும். கூடை நிறைய நிறைய முடி பின்னோக்கி இழுபடும். அந்த இழுப்போடு சவுரியின் கனமும் சேர்ந்தால் முடி வேரோடு களைத்துப்போகும். நீண்ட நாள் இழுப்பில் கொட்டிய முடி ஒரு கட்டத்துக்கு மேல் திரும்ப வராது. ஆகவே வேலைக்குச் சவுரி வைத்துக்கொண்டு போகாமலிருப்பதே சரி. கயிறு படும் இடத்தில் முடி மெலிந்திருப்பவர் விசேஷ நாளிலும் அந்த இடத்தில் கிளிப் முடி மாட்டக் கூடாது. டோப்பா அணிந்தே ஆக வேண்டியவர் கயிற்றுக்கடியில் மடித்த துணி வைத்தாலும் டோப்பாவின் வலை கிழியும். வேலைக்கு முக்காடு, வீட்டுக்கு வந்தபின் டோப்பா என்று வைத்துக்கொள்வது தலைக்கும் பணத்துக்கும் நல்லது.

நெற்றியோரத்தில் சிறு கொப்புளம், கட்டு அவிழ்த்தபிறகும் நீடிக்கும் வலி, வகிடு அகன்றுகொண்டே போவது ஆகியவை கண்டால் சவுரியை நிறுத்திவிட்டுத் தோட்டத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கழற்றுதலும் உலர்த்துதலும்

கழற்றும்போது கட்டியதற்கு எதிர்வரிசையில் போக வேண்டும்: குஞ்சம், பின்னல், ஊசி, வளையம். தூக்கக் கலக்கத்தில் சவுரியைப் பிடித்து இழுப்பவர்கள் சொந்த முடியையும் கொஞ்சம் இழப்பார்கள். எதையும் அணிந்தபடி உறங்கக் கூடாது.

கழுவுவதற்கு இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பும் போதும். கசக்காமல், ஒரே திசையில் உருவிக் கழுவ வேண்டும். உலர்த்துவதுதான் மலையில் பெரிய வேலை. அடுப்புக்கு மேலே கொடியில் போடுவது கைப்பழக்கம். அங்கே செயற்கை இழை சுருளும், மனித முடியில் புகை நாற்றம் ஏறும். தடித்த துவாயில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தபின், இஸ்தோப்பில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். டோப்பாவானால் போத்தலின் மேல் கவிழ்த்து வைக்கலாம். வெளிமுடி சீக்கிரம் காய்ந்துவிடும், குமிழின் நூல்கட்டும் டோப்பாவின் உள்தையலும் காய மறுநாளும் ஆகலாம். அந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அப்படியே பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். மழைமாதத்தில் வாரம் ஒரு தரம் வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும்.

குமிழின் நூல் தளர்ந்தால் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்துத் தொடர்ந்து பாவிக்கலாம். நுனி பொரிந்த செயற்கைச் சவுரியை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டால் இன்னும் சில விசேஷம் தாங்கும். பூஞ்சணம் நூல்கட்டுக்குள் இறங்கிவிட்ட சவுரியைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதே வழி.